தொகுத்தார் யார்?

கண்முன்னே ஆயிரக்கணக்கான படங்கள் விரிந்து கிடக்கும்போது, காணத்தக்க ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எளிதாக அன்றோ இருத்தல் வேண்டும்? பெங்களூரு மாநகரில் பகலெல்லாம் உழைத்து, சாலை நெரிசலில் ஊர்ந்து, இரவில் இல்லம் சேரும் ஒருவர், உணவு முடித்துத் தொலைக்காட்சியின் முன் அமர்கிறார். ஓ.டி.டி. என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் இணையத் திரைத்தளங்களுள் ஒன்றைத் திறக்கிறார். வரிசை வரிசையாகப் படங்களின் முகப்புகள் நகர்கின்றன. ஒன்றைப் பார்க்கிறார், தள்ளுகிறார். மற்றொன்றைப் பார்க்கிறார், அதையும் தள்ளுகிறார். அரைமணி கழிகிறது. இறுதியில், முன்பே இருமுறை பார்த்த நகைச்சுவைப் படத்தை மூன்றாம் முறையாக வைத்துவிட்டு, அதன் பாதியிலேயே உறங்கிப்போகிறார். நம்மில் பலருக்கும் நேர்வதுதான் இது.

இதில் குற்றம் என்ன என்று கேட்கலாம். குற்றம் ஒன்றுமில்லை. களைத்து வந்தவருக்குச் சிரிப்பு மருந்து. அதைப் பழிப்பவர் வாழ்க்கையை அறியாதவர். ஆயினும், ஒருவர் எதைக் காண்கிறார், எதைக் காணாமலே போகிறார் என்பதை முடிவு செய்பவர் யார், அம்முடிவுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்ற வினா எழத்தான் செய்கிறது. அவ்வினாவையே ஈண்டுச் சற்று ஆராய விழைகிறோம்.

இல்லாமை ஒரு காலத்தில் நமக்காகத் தேர்ந்தெடுத்தது. 1980களில் தூர்தர்ஷன் ஞாயிறு பிற்பகலில், விருது பெற்ற மாநில மொழிப் படங்களை முறைவைத்து ஒளிபரப்பியது. தமிழின் முறை வருவதற்குள் வாரங்கள் பல உருண்டோடும். காத்திருந்த நாம் அசாமியப் படத்தையும் வங்கப் படத்தையும் மலையாளப் படத்தையும், வேறு வழியின்றி, அடியில் ஓடும் ஆங்கில எழுத்துகளின் துணையோடு பார்த்தோம். வேறு வழியின்றிப் பார்த்தவற்றுள் சில இன்றுவரை நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. இந்நகரில் 1971இல் தோன்றிய சுசித்ரா திரைப்படக் கழகம் உலகப் படங்களை ஆர்வலர்க்குத் திரையிட்டுக் காட்டியது. மெஜஸ்டிக் பகுதியின் கபாலி, எம்.ஜி. சாலையின் பிளாசா போன்ற அரங்குகளில் வாரந்தோறும் மாறும் சுவரொட்டியே நமக்கு வழிகாட்டி. அவ்விரு அரங்குகளும் இன்று இல்லை. பின்னர் வந்த வீடியோ கேசட் கடைகளில், கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்தே ஒரு நாடாவை எடுத்து நீட்டுவார். படம் நன்றாக இல்லையெனில் மறுநாள் அவரிடமே சென்று சண்டையிடலாம். அவர் அங்கேயே இருப்பார்!

அக்காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. வறுமையைப் புகழ்வது வயிறு நிறைந்தவர் வழக்கம். ஒரு படத்தை ஒருமுறை தவறவிட்டால் பத்தாண்டுகள் காத்திருந்த நாள்களை நாம் விரும்பி அழைக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நெட்ஃபிளிக்ஸும், அவ்வாண்டின் இறுதியில் அமேசான் பிரைமும் இந்தியாவுக்கு வந்தபின், இல்லாமை நீங்கியது. இல்லாமையோடு, எடுத்து நீட்டிய அந்தக் கையும் நீங்கிவிட்டது. அதன் இடத்தில் இப்போது ஓர் இயந்திரம் அமர்ந்திருக்கிறது.

அவ்வியந்திரம் எவ்வாறு எண்ணுகிறது என்பதை அறிய ஒரு செய்தி உதவும். 2006இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ஒரு போட்டியை அறிவித்தது. ஒருவர் ஒரு படத்துக்கு எத்தனை மதிப்பெண் இடுவார் என்பதை, தன் முறையைக் காட்டிலும் நூற்றுக்குப் பத்துப் பங்கு துல்லியமாக முன்கூட்டிச் சொல்லும் கணித முறையை அமைத்துத் தருவோருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்றது. உலகெங்குமிருந்து அறிஞர் குழுக்கள் முயன்றன. 2009இல் பரிசும் வழங்கப்பட்டது. இம்முயற்சியின் குறிக்கோளை உற்று நோக்குக. இவர் எதைக் கண்டால் உயர்வார் என்பது அங்கே கேள்வியே அன்று. இவர் இதுவரை எப்படி இருந்தாரோ அதிலிருந்து, இனி எப்படி இருப்பார் என்று கணிப்பதே கேள்வி.

அதனினும் சிந்திக்கத்தக்கது பின்னர் நிகழ்ந்தது. அந்நிறுவனம் நெடுங்காலம் ஐந்து நட்சத்திர மதிப்பீட்டு முறையை வைத்திருந்தது. 2017இல் அதைக் கைவிட்டு, கட்டைவிரலை உயர்த்துதல், தாழ்த்துதல் என்ற முறைக்கு மாறியது. மாற்றத்துக்கு அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று மிகச் சுவையானது. மக்கள் ஓர் அரிய ஆவணப்படத்துக்கு ஐந்து நட்சத்திரம் இடுகின்றனர். ஒரு வேடிக்கைப் படத்துக்கு மூன்றே இடுகின்றனர். ஆனால் நாள்தோறும் அவர்கள் பார்ப்பதென்னவோ மூன்று நட்சத்திரம் இட்ட வேடிக்கைப் படங்களையே!

இதைக் கேட்டு நகைத்துவிட்டுப் போவதற்கில்லை. உயர்ந்தது என்று நாம் ஒப்புக்கொள்வது ஒன்று. நம் கை நாடுவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை மனிதன் என்றுமே அறிந்திருந்தான். நம் அறநூல்கள் அனைத்தும் அத்தொலைவை முன்வைத்தே எழுந்தன. வணிகம் செய்வோர் அவ்விரண்டுள் கை நாடியதை மட்டும் கணக்கில் கொண்டு, வாய் ஒப்புக்கொண்டதை விட்டுவிட்டனர். அவர்கள் நோக்கில் அது முறையே. நம் நோக்கிலும் அது முறைதானா? ஐந்து நட்சத்திரம் இட்டபோது நாம் பொய் சொல்லவில்லை. நாம் ஆக விரும்பும் மனிதரைப் பற்றி மெய்யாகவே ஒரு குறிப்புக் கொடுத்தோம். அக்குறிப்பைப் பெற்றுக்கொள்ள இன்று அங்கே ஆளில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று நம் இலக்கிய வரலாற்றிலேயே உண்டு. 1880ஆம் ஆண்டு. உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர்; அகவை இருபத்தைந்து. அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் செல்கிறார். என்னென்ன நூல்கள் பயின்றிருக்கிறீர்கள் என்று முதலியார் வினவ, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தாம் பாடங்கேட்ட அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று ஐயர் வரிசையாக அடுக்குகிறார். முதலியாரின் முகத்தில் வியப்பில்லை. இவற்றையெல்லாம் படித்துப் பயன் என்ன என்னும் பொருள்படக் கேட்டுவிடுகிறார். பின்னர், சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்கிறார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. அந்த ஒரு வினாவின் தைப்பு 1887இல் சிந்தாமணிப் பதிப்பாக வெளிவந்தது. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அதைத் தொடர்ந்தன.

முதலியாரின் இடத்தில் இன்றைய இயந்திரம் இருந்திருப்பின் என்ன செய்திருக்கும்? தொண்ணூறு அந்தாதி பயின்றவர் என்று குறித்துக்கொண்டு, தொண்ணூற்றொன்றாம் அந்தாதியை நீட்டியிருக்கும். ஐயரும் மகிழ்ந்து பெற்றிருப்பார். இருவருக்குமிடையே கசப்பு ஏதும் நேர்ந்திராது. சிந்தாமணி ஏட்டுச் சுவடியாகவே எங்கோ ஒரு பரணில் கிடந்திருக்கும்.

முதலியார் செய்தது சற்றே மரியாதைக் குறைவான செயல் என்பதை மறுப்பதற்கில்லை. அறிமுகமில்லாத ஓர் ஆசிரியரின் கல்வியைப் பயனற்றதென்று முகத்துக்கு நேரே சொல்வது எளிதன்று. அப்படிச் சொன்னவர் அத்துடன் நின்றுவிடவுமில்லை. தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியை எடுத்துக் கொடுத்தார். உடனிருந்து படிக்கவும் செய்தார். சொன்ன சொல்லுக்குத் தாமே பிணையாக நின்றார். ஒருவருக்கு ஒரு நூலையோ படத்தையோ பரிந்துரைப்பது ஓர் அறச்செயல் என்று நாம் கருதுவது இதனால்தான். அவர் இன்னும் விரும்பாத ஒன்றை, விரும்பத்தக்கது என்று நம்பி அவர் முன் வைக்கிறோம். நம் சொல் பொய்த்தால் நம்மீது அவர் கொண்ட மதிப்புக் குறையும். இயந்திரத்துக்கு இழக்க என்ன இருக்கிறது?

எட்டுத்தொகை நூல்களின் வரலாற்றைச் சொல்லும்போது தொகுத்தார் என்றும் தொகுப்பித்தார் என்றும் இருவரைத் தனித்தனியே குறிப்பது தமிழ் மரபு. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. பொருள் கொடுத்தவன் ஒருவன், தேர்ந்தவர் ஒருவர். இருவர் பெயரும் நூலோடு நின்றன. நன்றாயின் புகழும், அன்றாயின் பழியும் அவர்களைச் சேரும். குறுந்தொகையைத் தொகுத்தவன் பூரிக்கோ என அறிகிறோம். தொகுப்பித்தவர் பெயர் கிடைக்கவில்லை. நற்றிணைக்கோ நிலைமை தலைகீழ்: தொகுப்பித்தவன் பன்னாடு தந்த மாறன் வழுதி என்று தெரிகிறது, தொகுத்தவர் எவரெனத் தெரியவில்லை. இன்றைய திரைத்தளங்கள் இவ்வகையில் நற்றிணையைப் போன்றவை. தொகுப்பித்த நிறுவனத்தின் பெயர் திரையின் மேல் ஒளிர்கிறது. தொகுத்தவர் யார்? நற்றிணைக்குத் தொகுத்தவர் ஒருவர் மெய்யாகவே இருந்தார். காலம் அவர் பெயரை விழுங்கிவிட்டது. இங்கோ விழுங்குவதற்கும் ஒரு பெயரில்லை.

பெங்களூருத் தமிழராகிய நமக்கு இதில் தனியானதோர் இழப்பும் உண்டு. தமிழ்ப் படங்களை ஒருவர் நான்கு நாள் பார்த்துவிட்டால், இவர் தமிழர் என்று இயந்திரம் முடிவு கட்டிவிடுகிறது. பின்னர் அவர் காண்பதெல்லாம் தமிழும், தமிழில் குரல் மாற்றிய பிறமொழிப் படங்களுமே. வாழும் ஊரின் மொழியில் எழுந்த படங்கள் அவர் கண்ணில் எளிதில் படுவதில்லை. பி. ஆர். பந்துலுவை எடுத்துக்கொள்வோம். 1959இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 1961இல் 'கப்பலோட்டிய தமிழன்', 1964இல் 'கர்ணன்' ஆகியவற்றை ஆக்கியவர். 'கர்ணன்' 2012இல் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளுக்கு மீண்டும் வந்தபோது இளைஞரும் திரண்டு சென்று பார்த்தனர். அவரே கப்பலோட்டியவரின் கதையை எடுத்த அதே 1961இல், பெங்களூரில் பிறந்த பி. சரோஜாதேவியைக் கொண்டு கன்னடத்தில் 'கித்தூர் சென்னம்மா'வையும் எடுத்தார். இரண்டும் வெள்ளையரை எதிர்த்து நின்றோரின் கதைகளே; எடுத்த கையும் ஒன்றே. நம்மில் எத்தனை பேர் இரண்டையும் பார்த்திருக்கிறோம்? 'பராசக்தி'யில் நாம் கண்ட பண்டரிபாய், 1954இல் 'அந்த நாள்' படத்தில் நடித்தார். அதே ஆண்டில் 'பேடர கண்ணப்ப' என்னும் கன்னடப் படத்திலும் நடித்தார். ராஜ்குமார் முதன்முதலில் கதைத்தலைவராக நடித்த படம் அது. சொல்லும் கதையோ நம் கண்ணப்ப நாயனாருடையது! பெரியபுராணத்து வேடர், பக்கத்து வீட்டில் அறுபது எழுபது ஆண்டுகளாகக் கன்னடம் பேசிக்கொண்டிருக்கிறார். நாம் எட்டிப் பார்க்கவில்லை.

தளங்களின் பட்டியல் முடிவற்றதாகத் தோன்றுவதும் ஒரு மயக்கமே. தமிழ் பேசிய முதற்படம் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31ஆம் நாள் வெளிவந்தது, டி. பி. ராஜலட்சுமி நடித்தது. அதன் ஒரு பிரதிகூட இன்று கிடைக்கவில்லை. அக்காலத்து நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் இயல்புடையது. கவனிப்பின்றி வைத்தால் தானே சிதையும். ஓடி முடிந்த பிரதிகளை உருக்கி வெள்ளி எடுத்தோரும் உண்டு. கே. சுப்பிரமணியத்தின் 'தியாகபூமி' (1939) வெள்ளை அரசின் தடையைத் தாண்டியும் பிழைத்தது. புனேயில் 1964இல் தொடங்கப்பெற்ற தேசியத் திரைப்படக் காப்பகத்தில் அதன் பிரதி இருக்கிறது. பழம்படங்கள் மட்டுமே அழிந்தன என்றும் எண்ண வேண்டா. 1988இல் வந்த 'வீடு', தமிழில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த படங்களுள் ஒன்று. எளிய குடும்பம் ஒன்று ஒரு வீட்டைக் கட்டப் படும் பாடே கதை. பாலு மகேந்திரா இத்தகைய தம் படங்களின் மூல நெகட்டிவ் பாழ்பட்டதை எண்ணி வருந்தி, தமிழுக்கென ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டுமென்று பலமுறை வேண்டினார். 2014இல் அவர் மறைந்தார். கன்னடத்தில் கிரீஷ் காசரவள்ளியின் 'கடஷ்ராத்த' (1977) நற்பேறு பெற்றது. முறையாகச் சீரமைக்கப்பட்டு 2024இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

ஆகவே, தேடத்தக்க பழம்படங்கள் நாம் எண்ணுவதைவிடக் குறைவு. உள்ளவையும் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. உரிமக் காலம் முடிந்தால் சென்ற மாதம் இருந்த படம் இம்மாதம் இராது. சில படங்கள் யூடியூபில் மட்டும், மங்கிய பிரதியாய், மூலையில் ஏதோ ஒரு நிறுவனத்தின் முத்திரை தாங்கிக் கிடக்கின்றன. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் தேடுவதும் ஒரு தொல்லை. 'உதிரிப்பூக்கள்' என்பதை டகரத்துக்குரிய எழுத்தால் தேடுவதா, தகரத்துக்குரிய எழுத்தால் தேடுவதா? ஒன்றில் வராதது மற்றொன்றில் வரும். இயக்குநர் மகேந்திரனின் பெயரையும் 1979 என்னும் ஆண்டையும் சேர்த்து இட்டால் விரைவில் அகப்படும். தேசிய விருதுப் பட்டியலும் ஓரளவு துணை செய்யும். 1954ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதில் தமிழுக்குரிய வெள்ளிப் பதக்கம் 'மலைக்கள்ள'னுக்குக் கிடைத்தது. 'அந்த நாள்' நற்சான்றிதழ் பெற்றது. எந்த விருதுக் குழுவும் பிழையற்றதன்று. எனினும் அவர்கள் பெயர் தாங்கித் தேர்ந்தவர்கள். நாம் அவர்களோடு மாறுபடலாம்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். நல்லது இது, தீயது இது என்று பிறருக்குச் சொல்ல நீங்கள் யார்? பெரியவர்களின் தேர்வு என்ற பெயரால் இளைஞர்மீது எத்தனையோ சலிப்பான படங்கள் சுமத்தப்படவில்லையா? தடை நியாயமானதே. பழையது என்பதாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது. நாற்பதுகளின் படங்கள் சிலவற்றில் பாட்டு முடியுமா, நாம் முடிவோமா என்ற நிலை உண்டு. ஆனால் பரிந்துரைப்பவரை நாம் மறுக்க முடியும், கேள்வி கேட்க முடியும். இதில் என்ன கண்டீர்கள் என்று ஒரு பேரன் கேட்டால் தாத்தா விடை சொல்லியாக வேண்டும். விடை சொல்ல முயலும்போதுதான், தாம் அப்படத்தை உண்மையிலேயே விரும்புகிறாரா, தம் இளமையை விரும்புகிறாரா என்பது தாத்தாவுக்கே தெரியவரும். தடை எழுப்புவோர் அஞ்சும் கொடுமை, விடை சொல்ல வேண்டாத இடத்தில்தான் உண்டு. இயந்திரம் எவரிடமும் விடை சொல்வதில்லை. அதன் ஆணை இன்சொல்லாக வருவதால் நாம் அதை ஆணை என்று உணர்வதுமில்லை. ஒரு படம் முடிந்து சில நொடிகளில் அடுத்தது தானே தொடங்கிவிடுகிறது. வேண்டாம் என்று சொல்ல நாம்தான் எழுந்து கையை நீட்ட வேண்டும்!

இவ்வினா நம் ஊரில் வெறும் பொழுதுபோக்கைப் பற்றியதன்று. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் புதிதாக எழுந்த புறநகர் அடுக்ககங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும் கற்கின்றனர். தமிழ் பேசுவர், எழுத்து அறியார். அவர்களுக்குச் சிலப்பதிகாரம் மூடிய கதவு. புதுமைப்பித்தனும் மூடிய கதவு. திரையில் ஒலிக்கும் தமிழே, வீட்டுச் சமையலறைக்கு வெளியே அவர்கள் கேட்கும் தமிழ். கட்டபொம்மனின் முழக்கத்தைக் கேட்ட பிள்ளைக்கும், குரல் மாற்றிய அயல்நாட்டுத் தொடர்களை மட்டும் கேட்ட பிள்ளைக்கும் கிடைத்த தமிழ் ஒன்றாகுமா? பின்னதில் வாய் ஒன்று சொல்ல ஒலி ஒன்று சொல்லும். எவரும் எந்த ஊர்த் தமிழும் பேசார். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைப் படிக்க இயலாத பிள்ளை, அதன் தூண்டுதலில் எழுந்த 'உதிரிப்பூக்க'ளைப் பார்க்க இயலும். அதைப் பார்த்தபின் அக்கதையைப் படித்துக் காட்டும்படி கேட்கவும் கூடும். கேட்காமலும் போகலாம். வாய்ப்பை அளிக்காத நாம், கேட்கவில்லை என்று பிள்ளையைக் குறை கூறுதல் தகாது.

முன்பெல்லாம் வீட்டில் ஒரே பெட்டி இருந்தது. எதைப் பார்ப்பது என்று சண்டை நடந்தது. இன்று ஆளுக்கொரு திரை, சண்டை இல்லை. அச்சண்டையில் ஒரு நன்மை இருந்ததை இப்போது உணர்கிறோம். தனக்குப் பிடித்ததை மற்றவர் ஏன் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் வாதாட வேண்டியிருந்தது. வாரத்தில் ஓர் இரவேனும் அச்சண்டையை வீட்டுக்குள் மீண்டும் அழைத்தால் என்ன? ஒருவர் தேர்வார், ஏன் தேர்ந்தார் என்று இரண்டு வாக்கியம் சொல்வார், மற்றவர் கைப்பேசியை வைத்துவிட்டுப் பார்ப்பர், பார்த்தபின் திட்டலாம். அடுத்த வாரம் வேறொருவர் முறை. பிள்ளைகளின் முறையும் வரவேண்டும். அவர்கள் காட்டும் கொரியத் தொடரை நாமும் முணுமுணுக்காமல் பார்க்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்போருக்கு 'அந்த நா'ளைச் சொல்வோம். வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் ஏவி.எம். நிறுவனத்துக்காக இயக்கியது. பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. வெளிவந்த காலத்தில் அது வணிக வெற்றி பெறவில்லை. பார்த்தோர் அன்று எதிர்பார்த்தது வேறு. கதை நிகழும் காலம் 1943, சென்னையில் சப்பானியர் குண்டு வீசிய நேரம். தொடக்கத்திலேயே ஒரு துப்பாக்கி வெடிக்கிறது. சிவாஜி கணேசன் ஏற்ற ராஜன் என்னும் வானொலிப் பொறியாளர் விழுந்து மடிகிறார். அவரை அறிந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கின்றனர். நாட்டுக்கும் வீட்டுக்கும் இடையே சிக்கியவர் எதைக் காப்பது என்ற வழக்கு இறுதியில் எழுகிறது. அதைப் பற்றிப் பதின்ம வயதினரோடு ஒருமணி நேரம் வாதாடலாம். கொன்றது யார் என்பதை மட்டும் நாம் இங்கே கூறுவதாக இல்லை.